பேசியோர் பட்டியல்

அந்த மைக்கை யாராவது முதலில் சரிசெய்து தொலையுங்கள். 'மாணவிகளே' என்று அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதெல்லாம் அது கொய்ங் என்று கத்துகிறது, முந்நூறு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், ராஜகுமாரி மேடம் மேடையிலிருந்து என்னைப் பார்க்கிறார். எங்கள் தலைமையாசிரியை. பள்ளியில் எது கோளாறானாலும் கண்ணில் படுகிறவரை முறைப்பது அவர் வழக்கம். நான் என்ன மைக் செட்டா வாடகைக்கு விடுகிறேன்? ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் வகுப்பாசிரியை, சமூக அறிவியல், பதினேழு வருட சர்வீஸ், பெயர் செண்பகவல்லி, அவ்வளவுதான் நான். என் மடியில் ஒரு தாள் கிடக்கிறது. டி.சி. கேட்டு ஓர் அம்மா கொடுத்த விண்ணப்பம். அடியில் இரண்டு கட்டங்களை நான் நிரப்ப வேண்டும். மாணவியின் நடத்தை. பள்ளியை விட்டு விலகும் காரணம். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முடியும்போது இதை நிரப்பிக் கொடுத்துவிட்டால் பவதாரணி என்கிற பதினான்கு வயதுப் பெண் போய்விடுவாள். வேறு பள்ளிக்கு என்று நினைத்தால் தப்பு. 'திருப்பூர்ல அவ சித்தி வீட்டுல கொஞ்ச நாளு இருக்கட்டும் டீச்சர்' என்றாள் அந்த அம்மா. சித்தி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். திண்டுக்கல்லில் இத்தனை வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்று தெரியாதா? அப்படிப் போன ஒரு பிள்ளையும் பத்தாம் வகுப்பு எழுதத் திரும்பி வந்ததில்லை. 'குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க செண்பகம். நடத்தை நன்றுன்னு போட்ருங்க. அவங்களாத்தான கேக்குறாங்க, நமக்கென்ன' என்று மேடை ஏறுவதற்கு முன்னால் மேடம் என் காதில் சொல்லிவிட்டுப் போனார். மேடைக்குப் பின்னால் பேனர் தொங்குகிறது. பள்ளியில் சீண்டலும் கொடுமையும், அறிவோம், எதிர்கொள்வோம். நல்ல நாள் பார்த்தார்கள். இதைவிடப் பொருத்தமான நாளை ஜோசியரிடம் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

பேசுகிற பெண்ணின் பெயர் நஸ்ரின். ஏதோ தொண்டு நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறாள், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். திரையில் ஒரு படம் போட்டிருக்கிறாள்: மஞ்சள் முடி வைத்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. எங்கேயம்மா இருக்கிறது இந்தக் குழந்தை? எங்கள் பிள்ளைகள் இப்படி வசதியாகச் சுவரில் சாய்ந்து, படம் எடுக்கத் தோதாக அழ மாட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். கேட்டால் பசிக்கலை டீச்சர் என்பார்கள். நான் இப்படி மனசுக்குள் ஏசி முடிப்பதற்குள் அவள் சொல்கிறாள், 'மதியம் சாப்பிடாம இருக்குறது ஒரு அடையாளம்.' சரி, தெரிந்துதான் பேசுகிறாள். 'திங்கக்கிழமை காலைல மட்டும் வயித்து வலி வரும்.' வந்தது. பவதாரணிக்குப் போன மாதம் மூன்று திங்கட்கிழமை வந்தது. மூன்றாவது தடவை நான், 'ஏன், உன் வயித்துக்கு ஞாயித்துக்கிழமை லீவா?' என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு உள்ள டீச்சர் என்று பிள்ளைகள் மத்தியில் எனக்குப் பெயர் உண்டு. 'பொருளெல்லாம் அடிக்கடி காணாமப் போகும்.' ஜியாமெட்ரி பாக்ஸ். இரண்டு தடவை. அப்புறம் ஒரு செருப்பு, ஒற்றைச் செருப்பு, அன்றைக்கு அவள் வெறுங்காலோடு பஸ் ஏறினாள். பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மாவிடம், 'பொறுப்பே இல்லம்மா உங்க பொண்ணுக்கு' என்று சொன்னேன். அவளும் தலையாட்டிக்கொண்டு போனாள். 'பாத்ரூமுக்குத் தனியாப் போகப் பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்காம இருப்பாங்க.' போதும் நிறுத்து. ஒவ்வொன்றாக இப்படி எடுத்து எடுத்து வைக்காதே. இது எல்லாமே என் கண்ணுக்கு முன்னால் நடந்தது, எல்லாவற்றையும் பார்த்தேன், பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தேன். சோம்பேறித்தனம், பொறுப்பில்லாமை, நடிப்பு. பார்க்காமல் இருந்திருந்தாலாவது கண் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

மேடத்தின் மேல் கோபமா, இந்த நஸ்ரின் மேல் கோபமா, முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிற ஸ்ரீவர்ஷா மேல் கோபமா என்று எனக்கே விளங்கவில்லை. ஸ்ரீவர்ஷா என் வகுப்பு லீடர். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்பை சிவப்பு மையில் எழுதி, 'அடையாளங்கள்' என்று ஒன்று இரண்டு போட்டு எழுதுகிறாள். அவளைப் போல ஒழுங்கான பிள்ளை கிடையாது. விருந்தினருக்குத் தண்ணீர் வேண்டுமா, ஸ்ரீவர்ஷா. கரண்ட் போனால் ஆபீசுக்கு ஓட வேண்டுமா, ஸ்ரீவர்ஷா. நான் வகுப்பில் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுத வேண்டுமா, ஸ்ரீவர்ஷா. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்த வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. மேலே 'பேசியோர்' என்று தலைப்பு, அடியில் ஒரு கோடு, கீழே பெயர்கள். பெயர் எழுதிய பிறகும் பேசினால் பக்கத்தில் 'அ' என்று போடுவார்கள், அடங்கவில்லை. இன்னும் பேசினால் 'மி.அ.', மிகவும் அடங்கவில்லை. அதற்கும் மசியவில்லை என்றால் 'மி.மி.அ.' எங்கள் காலத்தில் டீச்சர் வந்ததும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பிரம்பை எடுப்பார். இப்போது அடிக்கக் கூடாது. அதனால் நான் யோசித்தேன். ரொம்ப யோசித்தேன், என் புத்திசாலித்தனத்தில் தீ வைக்க. ஜன்னலோரம் ஒரு பெஞ்சைத் தனியாகத் திருப்பிப் போட்டேன். ஒரு வாரத்தில் மூன்று நாள் யார் பெயர் போர்டில் வருகிறதோ அவள் அடுத்த வாரம் முழுக்க அங்கே தனியாக உட்கார வேண்டும். அவளோடு யாரும் பேசக் கூடாது, மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட. பேசினால் பேசினவள் பெயரும் போர்டில் ஏறும். அடி இல்லை, திட்டு இல்லை, முட்டி போடுவது இல்லை, எவ்வளவு நாகரிகம்! ஆசிரியர் கூட்டத்தில் மேடம் எழுந்து நின்று பாராட்டினார். 'செண்பகம் கிளாஸப் பாருங்க, குண்டூசி விழுந்தாக் கேக்கும்.' நான் தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்பட்டேன். பட்டியலை லீடர் ஒரு நோட்டில் எழுதி சாயங்காலம் நாலு பத்துக்கு என்னிடம் நீட்டுவாள். நான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். ஜூன் மாதத்திலிருந்து போட்டேன். படித்துப் பார்த்தேனா? கையெழுத்துப் போடுகிற ஜோரில் யார் படிக்கிறார்கள்?

இன்றைக்குக் காலையில்தான் படித்தேன். படிக்கவைத்தது காளீஸ்வரி, பவதாரணியின் அம்மா. நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு நேரே வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிடக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். மகளை கேட் பக்கம் சைக்கிள் ஷெட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தை என் கையில் கொடுத்தாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், படிப்பை நடுவில் நிறுத்தலாமா, பொம்பளைப் பிள்ளை, அது இது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ரொம்பக் கூச்சத்தோடு கேட்டாள். 'டீச்சர், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனக்கக் கூடாது. எம்புள்ள வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்குறா. நாலு மாசமா சாப்புட்டியான்னா ம், தூங்குனியான்னா ம். ஆனா இங்க உங்க போர்டுல டெய்லி பேசுனவ பேருல அவ பேருதான் மொதல்ல இருக்காம், பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லுச்சு. சரி, ஸ்கூல்லயாவது பேசுறாளேன்னு இருந்துச்சு. அம்புட்டு என்னதான் டீச்சர் பேசுறா? நீங்க சொன்னாக் கேட்டுட்டுப் போயிருவேன். ஆசையா இருக்கு.' ஆசையா இருக்கு என்றாள். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் போலத்தாம்மா என்று எதையோ சொல்லி மழுப்பிவிட்டு வகுப்புக்குப் போய் அந்த நோட்டை எடுத்தேன். ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து பவதாரணி. ஜூலை முழுக்க பவதாரணி. ஆகஸ்டிலிருந்து அவள் பெயருக்குப் பக்கத்தில் மி.மி.அ. இல்லாத நாளே இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து, வால் நீண்டு, அழகாக. அப்போதுதான் இந்த மண்டையில் உறைத்தது. ஜூலையிலிருந்து அவள் அந்தத் தனி பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? அவளோடு யாரும் பேசக் கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் அவள் யாரோடு பேசி மிகமிக அடங்காமல் போனாள்? ஜன்னலோடா? ஸ்ரீவர்ஷாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'இவ என்ன பேசுனா?' 'பேசுனா டீச்சர்.' 'அதான், என்ன பேசுனா?' 'ஞாபகம் இல்ல டீச்சர்.' 'யாரோட பேசுனா?' அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. இத்தனை நாள் கேட்காததை இன்றைக்கு என்ன புதிதாகக் கேட்கிறீர்கள் என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. பின்னாலிருந்து யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கடைசியில் இரண்டாவது பெஞ்ச் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். சயின்ஸ் ரெக்கார்டில் பவதாரணி படம் நன்றாக வரைவாள். ஸ்ரீவர்ஷாவுக்கும் வரைந்து கொடுத்திருக்கிறாள், மூன்று படம். நாலாவது படம், மனித இதயம், கை வலிக்குது என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு இதயத்தை வரைய முடியாது என்று சொன்னதற்கு நாலு மாதம். 'எல்லாருக்கும் தெரியும் டீச்சர்' என்றாள் ஒருத்தி, சாதாரணமாக. உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம் என்பது போல. மேடத்திடம் ஓடினேன். 'இப்பப் போயி இதக் கிளறாதீங்க. இன்னிக்கு ப்ரோக்ராம், வெளி ஆளுங்க வந்துருக்காங்க. வர்ஷாவோட அப்பா பேரன்ட்ஸ் கமிட்டில இருக்காரு' என்றார். அதோடு நான் நீட்டிய தாளைத் திரும்ப என் கையிலேயே திணித்துவிட்டு மேடை ஏறிவிட்டார்.

அடிக்க வேண்டும்போல இருக்கிறது. எழுந்து போய் முன்வரிசையில் சிவப்பு மையால் கோடு போடுகிற அந்தக் கையைப் பிடித்து நாலு சாத்து சாத்த வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு யாரோ தெரிகிறார்கள், அதுதான் எரிச்சலாக வருகிறது. எட்டாம் வகுப்பில் நான்தான் லீடர். சாக்பீஸை ஒடித்துக் கூர்மையாக வைத்துக்கொள்வேன். எங்கள் வகுப்பில் எஸ்தர் என்று ஒரு பெண், அவள் சட்டையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், அவள் அம்மா இட்லி சுட்டு விற்றாள், பம்ப் ஸ்டவ். எனக்கு அந்த வாடை பிடிக்காது. பிடிக்காததைச் சொல்ல எனக்கு வாய் தேவைப்படவில்லை, போர்டு இருந்தது. எஸ்தர் அ, எஸ்தர் மி.அ. அவள் உள்ளங்கையில் பிரம்பு விழுகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வெளியே சொல்லக் கூசுகிற விஷயம், மனசுக்குள்தானே சொல்கிறேன், சொல்கிறேன், பிடித்திருந்தது. அவள் ஒரு நாள் என்னிடம் வந்து, 'நான் பேசலையே செம்பகா, நீயும் பாத்தியே' என்றாள். நான், 'மொனகுனே' என்றேன். அவள் முனகக்கூட இல்லை. பிறகு டீச்சராகி, வகுப்பில் முதல் நாள் அறிமுகத்தில், நான் படிக்கும்போதே லீடர் தெரியுமா என்று பெருமையடித்துக்கொண்டேன். வருடா வருடம் அடித்துக்கொள்கிறேன். அந்தப் பெருமையை வைத்துத்தான் ஸ்ரீவர்ஷாவைத் தேர்ந்தெடுத்தேன், என்னைப் போலவே இருக்கிறாள் என்று. சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவளையாவது விடு, அவளுக்குப் பதினாலு வயது. எனக்கு நாற்பத்துமூன்று. அவளுக்கு அடிக்க வேண்டியிருக்கவில்லை, கிள்ள வேண்டியிருக்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஒரு சாக்பீஸ் துண்டால் பெயரை எழுதினாள், மீதி எல்லாவற்றையும் நான் செய்தேன். பெஞ்சை நான்தான் திருப்பிப் போட்டேன். நாற்பது பிள்ளைகளிடம் அவளோடு பேசாதே என்று நான்தான் சொன்னேன். இந்தப் பேனரில் இருக்கிற கொடுமைக்கு நான் சட்டம் போட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். இல்லை, பொறு, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பிள்ளையாவது வந்து சொன்னதா? அவள்தான் வந்து சொன்னாளா? வாயில் என்ன கொழுக்கட்டையா? பார், மறுபடியும் அங்கேயே போய் நிற்கிறேன். பேசினால் பெயர் எழுதுவோம் என்று சொல்லிவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்கிறேன். என்ன ஜென்மம் நான்!

'உங்களுக்கு இப்படி நடந்தா மொதல்ல என்ன செய்யணும்?' நஸ்ரின் கேட்கிறாள். மைக் இப்போது கத்தவில்லை. 'உங்க மேல தப்பு இல்லைன்னு நீங்க நம்பணும். என்னைக்கு, எங்க, யாரு, என்ன செஞ்சாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கணும்.' எழுதி வைத்திருக்கிறது அம்மா, நோட்டில் தேதியோடு இருக்கிறது, கையெழுத்தோடு இருக்கிறது. 'பாக்குறவங்க சும்மா நிக்கக் கூடாது. பெருசா ஒண்ணும் பண்ண வேணாம், தனியா இருக்குற பொண்ணு பக்கத்துல போயி உக்காந்தாலே போதும்.' போய் உட்கார்ந்தால் அவள் பெயரும் போர்டில் ஏறும், என் வகுப்பில் அதுதான் சட்டம். 'நம்பிக்கையான பெரியவங்ககிட்டச் சொல்லணும். அம்மா, அப்பா, டீச்சர்.' அப்போது ஒரு கை உயர்கிறது. என் வகுப்புப் பிள்ளை, மூன்றாவது வரிசை, பெயர் ஜெனிட்டா, எப்போதும் தூங்கி வழிகிறவள். எழுந்து நின்று கேட்கிறாள். 'டீச்சர்கிட்டச் சொன்னா, சொன்னவ பேரையும் போர்டுல எழுதிட்டாங்கன்னா என்ன பண்றது மேடம்?' பின்வரிசைகள் சிரிக்கின்றன. ராஜகுமாரி மேடமும் சிரிக்கிறார், வேடிக்கைப் பிள்ளைகள் என்று விருந்தினரிடம் சொல்வது போல. நஸ்ரின் சிரிக்கவில்லை. 'எந்தப் போர்டுல?' என்கிறாள். ஒன்பது பி சத்தம் காட்டாமல் திரும்பி என்னைப் பார்க்கிறது. நாற்பது முகம். அதில் ஒன்றிலாவது குற்றம் சாட்டுகிற பார்வை இருந்தால் தாங்கியிருப்பேன். காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்கக் காத்திருக்கிறார்கள். 'நேரமாயிருச்சு, கடைசியா நன்றியுரை' என்கிறார் மேடம், மைக்கை வாங்கிக்கொண்டு. ஜெனிட்டா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் எழுந்தேன். 'அந்தப் போர்டு என் கிளாஸ் போர்டு. அந்தச் சட்டத்தப் போட்டது நான். இன்னியோட கிடையாது' என்றேன். மைக் இல்லாமலேயே என் குரல் அந்த மண்டபத்துக்குப் போதும், பதினேழு வருடமாகக் கத்திய தொண்டை. மேடம் என்ன சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் காளீஸ்வரி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். இரவெல்லாம் மெஷினுக்கு முன்னால் நின்றவள். எழுப்பலாமா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றேன், அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன். அவளாகவே கண் விழித்தாள். 'எழுதியாச்சா டீச்சர்?' 'இல்லம்மா. காலைல நீங்க ஒண்ணு கேட்டீங்க. உங்க பொண்ணு என்ன பேசுறான்னு.' அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். 'அவ ஒண்ணும் பேசல. ஒரு நாள்கூடப் பேசல. பொய்யாப் பேர எழுதியிருக்காங்க. நான் என்னன்னு பாக்காம கையெழுத்துப் போட்டு, அவகூட யாரையும் பேச விடாமப் பண்ணிட்டேன்.' அவளுக்கு முதலில் புரியவில்லை. 'அப்ப இங்கயும் பேசலையா?' என்றாள். அதைத்தான் கேட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. பெயர் கெட்டதைப் பற்றி, தண்டனையைப் பற்றி, ஒன்றும் இல்லை. 'இங்கயும் பேசலையா? நாலு மாசமா எங்கயுமே பேசலையா?' பிறகுதான் கோபம் வந்தது. எழுந்து நின்றுகொண்டாள். 'ஏன் டீச்சர், ஒரு புள்ள பேசுதா பேசலையான்னு பாக்குறதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்? மில்லுல ஒரு நூலு அந்து போனாலும் எனக்குத் தெரியுமே. தெரியலன்னா சூப்பர்வைசரு என்னயச் சும்மா விடுவானா?' திட்டட்டும், இன்னும் நன்றாகத் திட்டட்டும் என்று இருந்தது. ஆனால் அவள் என்னை விட்டுவிட்டு சைக்கிள் ஷெட்டைப் பார்த்துக் கத்தினாள். 'ஏ பவா! இங்கிட்டு வா!'

அவள் வந்தாள். யூனிபார்ம் இல்லாமல், பச்சைக் கலர் சுடிதாரில், இனி இந்தப் பள்ளியில் யாரும் தன்னை எதுவும் கேட்க முடியாது என்பது போல மெதுவாக வந்தாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுது என்றேன். பெஞ்சை எடுத்துவிடுகிறேன், ஸ்ரீவர்ஷாவை விசாரிக்கிறேன், லீடர் பொறுப்பிலிருந்து எடுக்கிறேன் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா என்றே தெரியவில்லை. திடீரென்று, 'அவ எழுதுனா. கையெழுத்து நீங்கதான போட்டீங்க' என்றாள். ரொம்ப நாள் உபயோகிக்காத குரல், கரகரவென்று வந்தது. 'ஆமா' என்றேன். 'என் செருப்ப அவங்க கிணத்துக்குள்ள போட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல வந்தேன். நீங்க, மி.மி.அ. வந்துருச்சுடின்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.' எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக ஞாபகம் இல்லை. 'எனக்கு வயித்த வலிச்சது நெசம். நடிக்கல. அந்த ஜன்னல் பக்கம் மழைச் சாரல் அடிக்கும், நோட்டெல்லாம் நனைஞ்சிரும், நகந்து உக்காந்தா அதுக்கும் பேரு எழுதுவா.' நடுவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காளீஸ்வரி என் கையைப் பிடித்து அழுத்தினாள், சும்மா இரு என்பது போல. 'சொல்லுடி, இன்னும் சொல்லு' என்றாள் மகளிடம். அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பவதாரணி சொன்னாள். இத்தனை நாள் தேக்கி வைத்ததை ஒழுங்கில்லாமல், முன்னுக்குப் பின்னாக, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். யார் யார் தன் டிபனில் மண் போட்டார்கள், யார் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதில் யார் மேல் கோபம் அதிகம். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் மேல்தானாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். 'இப்ப வர்ஷா ஸ்கூல விட்டுப் போறாளா?' 'இல்லடா.' 'நீங்க போறீங்களா?' 'இல்ல.' 'அப்ப நான் மட்டும் எதுக்குப் போகணும்?' காளீஸ்வரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். டி.சி. வாங்கச் சம்மதமா என்று பவதாரணியிடம் யாரும் சரியாகக் கேட்டிருக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அம்மா கேட்டிருக்கிறாள், அவள் ம் என்றிருக்கிறாள், ம் என்றால் சரி என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. மண்டபத்துக் கதவுகள் திறந்து பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜகுமாரி மேடம் வேகமாக வந்தார், முகம் சிவந்திருந்தது. அம்மாவும் மகளும் நிற்பதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். 'என்ன செண்பகம் இதெல்லாம்? அந்த ஃபார்ம் எங்க? எழுதியாச்சா?' நான் தாளைக் கொடுக்கவில்லை. 'பவதாரணி ஒண்ணு கேக்குறா மேடம். எனக்குப் பதில் தெரியல. நீங்க சொல்லுங்க' என்றேன். 'அவ என்ன கேக்கப் போறா, அந்தப் பிள்ளைதான் வாயே...' என்று ஆரம்பித்து மேடம் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆக, அவருக்கும் தெரிந்திருக்கிறது. வாயே திறக்காத பிள்ளை என்று அவருக்கும் தெரியும், நோட்டில் மாதக் கடைசியில் அவரும்தான் கையெழுத்துப் போடுகிறார். ஒன்பது பி வராந்தாவில் அப்படியே நின்றுவிட்டது, ஸ்ரீவர்ஷா குறிப்பு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். 'கேளுடி' என்றாள் காளீஸ்வரி. பவதாரணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக, மறுபடியும் கேட்டாள். மேடம் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று. நான் சொல்லவில்லை. அவள் கேட்டது அவரை.